ஓ வகையறாவும் ஒரு வேப்பங்கொட்டையும்

"ஆவணி, 1991. ஞாயிறு. ஐஸ் பாதி வழியிலேயே கரைந்துவிட்டது. ஆன்டி-பி புட்டியில் கால்வாசிதான் மிச்சம். கோவிந்தசாமி: பி பாசிட்டிவ். கமலா: புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை."

என் பழைய நாட்குறிப்பில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. தேதி இல்லை. பேருந்துப் பயணச்சீட்டின் பின்பக்கத்தில்கூடத் தேதி போட்டு வைக்கிற ஆள் நான். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போதே இதே மண்டபத்துக்கு முன்பு எந்த வருடம் வந்தோம் என்று யோசிப்பவன். அப்படிப்பட்டவன் அந்த ஒரு நாளில் மட்டும் தேதியை விட்டிருக்கிறேன் என்றால், அன்று என் நிலைமை என்ன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் குறிப்பைத் தேடி எடுக்க வைத்தது ஒரு வாசனை. போன மாதம் ஒரு வேலையாக ஒரகடம் போயிருந்தேன். ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. டீக்கடையில் என் பக்கத்தில் நின்ற இளைஞர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டார். ஸ்பிரிட் வாசனை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதில் அவர் பெயரைவிடத் தெளிவாக ரத்த வகை அச்சாகியிருந்தது: ஓ பாசிட்டிவ்.

"நீங்க பெரிய வகையறா போலிருக்கே" என்றேன், வாய் தவறி.

"இன்னா அங்கிள்?"

"ஓ வகையறா."

அவர் அட்டையைக் குனிந்து பார்த்தார். என்னையும் ஒரு முறை பார்த்தார். "எங்க லைன்ல பாதிப் பேர் ஓ தான் அங்கிள். வகையறான்னா இன்னா?"

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையா அது? சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அவருக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்த எனக்கு, சென்னையில் மரபியல் ஆராய்ச்சிக் குழு ஒன்றில் தற்காலிகக் கள உதவியாளர் வேலை கிடைத்தது. கிராமங்களில் எந்த ரத்த வகை எவ்வளவு பரவியிருக்கிறது, நெருங்கிய உறவில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் என்னென்ன நோய்கள் தொடர்கின்றன என்று பார்ப்பது குழுவின் வேலை. குழுவின் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். வேலையில் சேர்ந்த முதல் நாள், முதல் ஆளின் விரல் நுனியில் ஊசியால் குத்தியதும், குத்துப்பட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, நான் பெஞ்சிலிருந்து கீழே சரிந்தேன். டாக்டரம்மா என் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, "பரவாயில்லை, கண்ணை மூடிக்கிட்டு மட்டும் குத்திடாதீங்க" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

எங்கள் முகாம் வல்லம் வடகால் பள்ளிக்கூடத்தில். பூவிருந்தவல்லியில் பேருந்து பிடித்து ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, சோடாக்கடையில் ஐஸ் வாங்கி அகல வாய் பிளாஸ்க்கில் அடைத்து, அதற்குள் சீரம் புட்டிகளைச் சொருகி, வாடகை சைக்கிளில் போக வேண்டும். அந்த ஆண்டு கோடையில் நடந்த குண்டுவெடிப்பால்தான் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்திருந்தது. அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள்; எனக்குச் சொல்ல அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு பல மாதம், பையோடு இறங்குகிற எவனும் காவலருக்குப் பதில் சொல்லாமல் பேருந்து நிலையத்தைத் தாண்ட முடியாது. "பிளாஸ்க்ல இன்னா?" என்பார். "ரத்தம் பாக்கற மருந்து சார்." மூடியைத் திறக்கச் சொல்வார். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று, நிறமில்லாதது ஒன்று என்று மூன்று புட்டிகளையும் பார்த்துவிட்டு, "கலர் சோடா மாதிரி கீது" என்று அனுப்பிவிடுவார். திறந்து மூடுகிற அந்த நேரத்தில் ஐஸில் பாதி தண்ணீராகிவிடும்.

சோதனை எளிது. வெள்ளைப் பீங்கான் ஓட்டில் ஒருவருடைய ரத்தத்தை மூன்று சொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீரத்தை விட்டு, தீக்குச்சியால் கலக்கி, ஓட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எந்தச் சொட்டு திரிந்த பால் மாதிரி திரிதிரியாகப் போகிறதோ, அந்த வகை: நீலத்தில் திரிந்தால் ஏ, மஞ்சளில் பி, இரண்டிலும் ஏபி, இரண்டிலும் திரியாவிட்டால் ஓ; நிறமில்லாததில் திரிந்தால் பாசிட்டிவ். நம் ரத்தத்தில் தனக்கு அந்நியமானதை அடையாளம் கண்டு பிடித்துக் கட்டுகிற காவல் பொருள் ஒன்று இருக்கிறது, அதைத்தான் புட்டியில் அடைத்து வைத்திருக்கிறோம் என்று டாக்டரம்மா மாலை வகுப்பில் சொல்வார். பேருந்து நிலையத்துக் காவலரை நினைத்துக்கொண்டால் எனக்கு அது சட்டென்று புரிந்துவிடும்.

மாலை வகுப்புக்குத் தவறாமல் வந்தவள் கமலா. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டிலிருந்தாள். அப்பா இல்லை. முகாமில் பெயர் எழுத, ஆட்களை வரிசையில் உட்கார வைக்க என்று உதவிக்கு வந்தவள், ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாக ஓட்டைச் சாய்க்கக் கற்றுக்கொண்டாள். எனக்குக் 'கொசு சார்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். அந்தப் பெயர் ஊர் முழுக்கப் பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை. "கொசு சார், இன்னிக்கு யாரக் கடிக்கப் போறீங்க?" என்று கிணற்றடியிலிருந்தே குரல் வரும்.

பெயர் பரவிய வேகத்திலேயே இன்னொன்றும் பரவியது. ரத்த வகை தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று டாக்டரம்மா வகுப்பில் சொல்லியிருந்தார். ஊரார் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்களுக்குத் தெரிந்த கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். தகப்பன் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வருவது என்ன? குலம். ஒரே குலத்துக்காரர்கள் யார்? பங்காளிகள். பங்காளிகளுக்குள் பெண் கொடுத்து எடுக்கலாமா? கூடாது, அண்ணன் தங்கை முறை. ஆக, ஒரே குரூப் என்றால் கல்யாணம் கூடாது. கல்லூரியில் எனக்குப் பட்டாணிச் செடி வளர்த்த பாதிரியாரின் கதையை மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். வல்லம் வடகாலில் ஒரே வாரத்தில் ஒரு முழுச் சித்தாந்தம் தயாராகிவிட்டது. ஏ வகையறா, பி வகையறா, ஓ வகையறா. ஏபி என்று வந்த தபால்காரரை எதில் சேர்ப்பது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. "நீ எங்க வேணா பொண்ணு எடுக்கலாம்பா" என்று அவருக்கு விதிவிலக்கு கொடுத்துவிட்டார்கள். அவருக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. கமலாவின் பெரியப்பா மகன் சேகரும், காலனியைச் சேர்ந்த தேவராஜும் ஓ. இருவரும் ஒரே கபடிக் குழு. ஆனால் சேகர் காலனிக்குள் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. முகாமுக்குப் பிறகு நடுத்தெருவில் ஒருவரை ஒருவர் "பங்காளி!" என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு தோளில் கை போட்டு நடந்தார்கள். சில பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விளையாட்டுக்குச் சொல்வதை எந்தப் பஞ்சாயத்தில் வைத்துத் தடுப்பது?

கமலாவைப் பெண் பார்க்க வந்த அன்று வேடிக்கை தீர்ந்துபோனது.

மாப்பிள்ளை பாஸ்கர் சுங்குவார்சத்திரத்துக்காரர். அம்பத்தூரில் லேத் ஓட்டினார். உறவு இல்லை, தெரிந்தவர் மூலமாக வந்த வரன். கல்யாணத்துக்குப் பிறகு கமலா காஞ்சிபுரத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரலாம் என்று அவருடைய அம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். கமலாவுக்கு அந்த ஒரு வாக்குதான் கல்யாணத்தின் முழு அர்த்தமும். பாஸ்கருக்கோ, பெண் ரத்தம் பார்க்கிற முகாமில் வேலை செய்கிறாள் என்று தெரியும். அவளைச் சந்தோஷப்படுத்த எண்ணி, காப்பியை வாங்கிக்கொண்டே சபையில் சொன்னார்: "நானும் ஓ பாசிட்டிவ்தாங்க. கம்பெனியில ரெண்டு வாட்டி ரத்தம் குட்த்துகீறேன்."

வீட்டுக்கு மூத்தவர் பெரியப்பா கோவிந்தசாமி. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்ணும் ஓ தான்" என்றார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க. முறை ஒத்து வரல."

அதோடு நின்றிருந்தால்கூட இன்னொரு வரன் வந்திருக்கும். அவர் அங்கே நிற்கவில்லை. கமலாவின் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். கமலாவுக்குச் சொந்தத் தாய்மாமன், பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் ஏ. "ஏ வேற, ஓ வேற. இத்தவிட பொருத்தம் எங்க கீது?" என்று, வருகிற வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்ற நாள் குறித்துவிட்டார் பெரியப்பா. ஒட்டும் உறவும் இல்லாத பாஸ்கர் அண்ணன் ஆகிவிட்டார். பெற்றவளின் கூடப்பிறந்த தம்பி மாப்பிள்ளை ஆகிவிட்டார். எங்கள் குழு எதைப் பற்றி எச்சரிக்க வந்ததோ, அதையே எங்கள் சோதனையைக் காட்டிச் செய்யப் போனார்கள். மாமன் நல்ல மனிதர்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு படிக்கலாமா என்று கமலா கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது டாக்டரம்மா சென்னையில் இருந்தார். கமலா பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தாள். அழுதது போலத் தெரியவில்லை. "சார், எங்க பெரியப்பா வர்றாரு. நான் வரச் சொன்னேன். ஓட்டைக் கழுவி வைங்க" என்றாள்.

கோவிந்தசாமி தனியாக வரவில்லை. மனைவி ராஜம்மாள், மகன்கள் ஏழுமலை, சேகர், வேடிக்கை பார்க்க இன்னும் இருபது பேர். அவர் முகாமில் அதுவரை விரலை நீட்டாதவர். "எனக்கு எதுக்கு? எனக்கா கல்யாணம்?" என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, நீங்க இன்னா குரூப்புன்னே தெரியாம எப்டி ஊருக்கு வகையறா பிரிக்கிறீங்க?" என்று கமலா கேட்டாள். "பெரியம்மா ஓ. நீங்களும் ஓ வா இருந்தா?"

அவளுடைய திட்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவரும் ஓ என்று வந்துவிட்டால், முப்பது வருடக் குடித்தனமே முறை தவறியது என்றாகும். சித்தாந்தம் சிரிப்பில் கரைந்துவிடும். ஊரில் ஓ தான் அதிகம். ஆனால் வந்தே தீரும் என்று யார் சொன்னது? கூட்டம் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தது. அவர் வீராப்பாக விரலை நீட்டினார். குத்தினேன். மூன்று சொட்டு. மூன்று தீக்குச்சி. ஓட்டைச் சாய்த்தேன்.

மஞ்சள் சீரம் விட்ட சொட்டும் நிறமில்லாதது விட்ட சொட்டும் திரிந்தன. பி.

"பாத்தியா!" என்று அவர் தொடையில் தட்டினார். "அவ ஓ, நான் பி. எங்கப்பன் பாத்துக் கட்டி வெச்சது எவ்ளோ சரியா கீது பாரு. அந்தக் காலத்துல இந்த மஞ்சத் தண்ணியெல்லாம் இருந்துச்சா?"

கமலாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. புட்டியின் மூடியைத் திருகி மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

அப்போது சேகர் கேட்டான். "நைனா, அப்ப நானு?"

"நீ இன்னாடா?"

"அண்ணன் பி. நான் ஓ. நாங்க ரெண்டு பேரும் பங்காளி இல்லியா அப்ப?"

"பங்காளி இல்லன்னா நெலத்துல பங்கு கேக்காத" என்று ஏழுமலை சொல்ல, கூட்டம் வெடித்துச் சிரித்தது. கோவிந்தசாமி இரண்டு மகன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்குகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பன் பி ன்னா, புள்ள ஓ எங்கேருந்து வந்துச்சாம்?"

கேட்டவர் விஷமமாகக் கேட்டாரோ, தெரியாமல் கேட்டாரோ. எல்லோரும் ராஜம்மாளைப் பார்த்தார்கள். ஒரு கல்யாணத்தை மீட்கப் போய் ஒரு குடும்பத்தின் தலையில் நெருப்பைக் கொட்டிவிட்டோமோ என்று பயந்தேன். பதில் எனக்குத் தெரியும். ஆனால் பாடப்புத்தகத்து வார்த்தைகள்தான் தொண்டைவரை வந்தன. அதைச் சொன்னால் யாருக்குப் புரியும்?

கமலா வெளியே போனாள். மரத்தடியிலிருந்து ஒரு பிடி வேப்பங்கொட்டையும், பள்ளிப் பெண்கள் ஆட வைத்திருந்த புளியங்கொட்டையும் கொண்டுவந்து பெஞ்சின் மேல் கொட்டினாள்.

"ஒவ்வொருத்தர் கையிலயும் ரெண்டு கொட்டை" என்றாள். "அம்மா ஒண்ணு குடுத்தது, அப்பா ஒண்ணு குடுத்தது. புளியங்கொட்டை பி. வேப்பங்கொட்டை ஓ. பெருசு பக்கத்துல சிறுசு இருந்தா கண்ணுக்குத் தெரியாது. அதனால ஒரு புளியங்கொட்டை இருந்தாலே பி தான். ரெண்டும் வேப்பங்கொட்டையா இருந்தாதான் ஓ." பெரியப்பாவின் உள்ளங்கையை விரித்து ஒரு புளியங்கொட்டையும் ஒரு வேப்பங்கொட்டையும் வைத்தாள். பெரியம்மாவின் கையில் இரண்டு வேப்பங்கொட்டைகள். "புள்ளைக்கு ஆளுக்கு ஒண்ணுதான் குடுக்க முடியும். பெரியம்மா எதக் குடுத்தாலும் வேப்பங்கொட்டைதான். நீங்க ஏழுமலை அண்ணனுக்கு இதக் குடுத்தீங்க." புளியங்கொட்டையைத் தொட்டாள். "சேகர் அண்ணனுக்கு இத."

டாக்டரம்மா வகுப்பில் கரும்பலகையில் எழுத்துகளாகப் போட்டுக் காட்டியதுதான் அது. எழுத்துகளுக்குப் பதில் கொட்டை. நான் தலையை வேகமாக ஆட்டினேன். "அப்டித்தான், அப்டித்தான்" என்பதைத் தவிர அன்று நான் விஞ்ஞானத்துக்குச் செய்த தொண்டு வேறு எதுவும் இல்லை.

ராஜம்மாள் தன் கையிலிருந்த கொட்டைகளைப் பெஞ்சில் போட்டார். பின்வரிசையைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டையும் நான்தான் பெத்தேன். எனக்கு எந்தக் கொட்டையும் வேணாம். கேட்டவனுக்கு ரெண்டு குடு, மென்னுகினு போவட்டும்."

இந்த முறை சிரிப்பு கூரையைத் தொட்டது. ஆனால் கோவிந்தசாமி சிரிக்கவில்லை. உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கமலா, இந்த வேப்பங்கொட்டை எனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"உங்கம்மா குடுத்திருக்கலாம், உங்கப்பா குடுத்திருக்கலாம், பெரியப்பா."

"எங்கம்மாதான்" என்றார் உடனே.

அவர் தாய்ப்பால் மறப்பதற்கு முன்பே அம்மா இறந்துவிட்டார் என்று பிறகு சேகர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முகம் தெரியாது. படம் கிடையாது. அப்பா மறுகல்யாணம் செய்துகொண்ட பிறகு அந்த அம்மாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதும் கிடையாது.

கமலா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு பெரியப்பா. கண்ணுக்குத் தெரியாம மறைஞ்சிருக்கறது எல்லாமே நல்லதா இருக்கும்னு சொல்ல முடியாது. எங்கம்மா கையில மறைஞ்சிருக்கறதே மாமா கையிலயும் இருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே மரம். சுங்குவார்சத்திரத்துக்காரர் வேற மரம்."

எல்லா மாமன் கல்யாணமும் கெட்டுப்போவதில்லை, ஆபத்து சற்று கூடும், அவ்வளவுதான் என்று நான் நியாயமாக ஒரு திருத்தம் சொல்ல நினைத்தேன். கமலா என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டேன்.

கோவிந்தசாமி உள்ளங்கையை மூடித் திறந்தார். பிறகு புளியங்கொட்டையைப் பெஞ்சில் வைத்தார். வேப்பங்கொட்டையை மட்டும் வேட்டி மடியில் முடிந்துகொண்டார். "டேய் சேகரு, சைக்கிள எட்றா. சுங்குவார்சத்திரம் போவணும்" என்றார். வாசலில் திரும்பி என்னைப் பார்த்து, "கொசு சார், கடிச்ச எடம் வலிக்குது" என்றார்.

கமலாவுக்கும் பாஸ்கருக்கும் தை மாதம் கல்யாணம். காஞ்சிபுரத்தில் படித்து, அங்கேயே ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய மகள் சென்னையில் நோய் எதிர்ப்பியலில் ஆராய்ச்சி மாணவி. உடல் தன்னையே அந்நியன் என்று நினைத்துத் தாக்கிக்கொள்வது ஏன் என்பது அவள் கேள்வி. தொலைபேசியில் ஒரு முறை எனக்கு விளக்கினாள். முக்கால்வாசி புரியவில்லை. மீதிக் கால்வாசியை விளக்க, "கொட்டை வெச்சு சொல்லட்டுமா மாமா?" என்றாள். ஆக, கதை அவள்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

மற்றதெல்லாம் போய்விட்டது. வெள்ளைப் பீங்கான் ஓடு இப்போது அபூர்வம். பெரிய ஆய்வகங்களில் அட்டை மாதிரி ஒன்றை இயந்திரத்தில் வைத்தால் அதுவே சொல்லிவிடுகிறது. சோடாக்கடை இருந்த இடத்தில் மேம்பாலத்தின் நிழல் விழுகிறது. நான் சைக்கிளை மிதித்துப் போன வரப்புகளுக்கு மேல் தொழிற்பேட்டையின் சாலை. பள்ளிக்கூடம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்த வேப்பமரம் எந்தச் சுற்றுச்சுவருக்குள் நின்றிருக்கும் என்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ஓ வகையறா, பி வகையறா என்றால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது. அது நல்லதுதான். ஆனால் நடுத்தெருவில் சேகரும் தேவராஜும் "பங்காளி!" என்று கூப்பிட்டுக்கொண்டது மட்டும் சித்தாந்தம் செத்த பிறகும் நிற்கவில்லை; தேவராஜ் வீட்டு வாசலில் உட்கார்ந்து சேகர் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். இன்று கழுத்தில் அட்டையோடு ஒரே பேருந்தில் போகிறவர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

கோவிந்தசாமி கடைசிவரை போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "நான் வெளிய பாக்கத்தான் பி. உள்ள எங்கம்மா கீது."

நாள் தேதி பார்க்கிற என் வழக்கப்படி இதையும் எழுதி வைக்க வேண்டும். அந்த வேப்பங்கொட்டை அவருக்கு அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்து வந்ததா என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இருவருடைய ரத்தத்தையும் யாரும் சோதித்ததில்லை. இரண்டுக்கும் சம வாய்ப்பு என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது. தகவல் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.